நோட்டில் இருந்த 17 பயிற்சிகள்

அந்தத் தாய் தம் நான்கு வயது மகளை முதன்முறையாக என்னிடம் பிசியோதெரபிக்கு அழைத்து வந்தபோது, மருத்துவக் கோப்புகளோடு கூடவே ஓரம் மடங்கிப்போன ஒரு நோட்டையும் எடுத்து வந்திருந்தார். அதில் குறைந்தது நான்கு பேருடைய கையெழுத்தில் 17 பயிற்சிகள் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே காலையில் எத்தனை முறை, மாலையில் எத்தனை முறை என்ற கணக்கும், செய்து முடித்த நாள்களுக்கான குறிகளும் இருந்தன. குறி இல்லாத நாள்களில் சிறிய எழுத்தில் காரணம் எழுதியிருந்தார்: காய்ச்சல், வலிப்பு, மறுபடி காய்ச்சல், ஓரிடத்தில் ‘எனக்கு முடியவில்லை’. எல்லாவற்றையும் எழுதியபடியே செய்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கூட்டிப் பார்த்தேன். இரண்டு மணி நாற்பது நிமிடம் வந்தது. குழாய் வழியாக உணவு கொடுப்பதும், மருந்து கொடுப்பதும், குளிப்பாட்டுவதும், சளி எடுப்பதும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

“சில நாள் விட்டுப்போய்விடுகிறது, மேடம். அதனால்தான் கால் இப்படி இறுகிவிட்டதோ?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

பல பாதிப்புகள் ஒருங்கே உள்ள குழந்தைகளுக்கான மேம்பட்ட பிசியோதெரபி என்றதும், நடக்க வைக்கும் ரோபோ இயந்திரம், மின்தூண்டல் கருவி, வெதுவெதுப்பான நீர்த்தொட்டி, இழுவிசை உடை ஆகியவையே பலருடைய மனத்தில் வருகின்றன. அவற்றில் சிலவற்றுக்கு உரிய இடம் உண்டு; நானும் பயன்படுத்துகிறேன். ஆயினும் இத்தனை ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு, இந்தத் துறையில் கடினமானது எது என்று யாராவது கேட்டால், இப்படிப்பட்ட ஒரு நோட்டிலிருந்து எவற்றை அடிப்பது, எவற்றை விட்டுவைப்பது என்று முடிவெடுத்து, அதற்கான காரணத்தைத் தாய் தந்தையருக்குப் புரியும்படி சொல்வதுதான் என்பேன். பதினெட்டாவதாக ஒரு பயிற்சியைச் சேர்ப்பதற்கு அதிக அறிவு தேவைப்படுவதில்லை.

அந்தச் சிறுமிக்கு மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி). கைகால் நான்கிலும் தசை இறுக்கம், அதோடு தன்னிச்சையாக முறுக்கிக்கொள்ளும் அசைவுகள், வலிப்பு, விழுங்குவதில் சிரமம், பேச்சு இல்லை. இப்படிப்பட்ட குழந்தைகளின் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறையை, ராபர்ட் பாலிசானோ, பீட்டர் ரோசன்பாம் உள்ளிட்ட குழுவினர் 1997-ல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்டனர். முதல் நிலைக் குழந்தை நடக்கும், ஓடும். ஐந்தாம் நிலைக் குழந்தைக்குத் தலையையும் உடம்பையும் நிமிர்த்திப் பிடிப்பதே சிரமம். இவள் ஐந்தாம் நிலை. அதே குழுவினர் 2002-ல், நூற்றுக்கணக்கான குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து, ஒவ்வொரு நிலையிலும் இயக்கத் திறன் எந்த வயது வரை எவ்வளவு வளர்கிறது என்பதை வளைகோடுகளாக வரைந்து காட்டினர். ஐந்தாம் நிலைக் குழந்தைகள் தங்களால் எட்டக்கூடிய இயக்கத் திறனில் 90 சதவீதத்தைச் சராசரியாக மூன்று வயதுக்கு முன்பே எட்டிவிடுகிறார்கள் என்பது அதில் தெரிந்தது.

இதை ஒரு தாயிடம் சொல்வது எளிதன்று. தொடக்கக் காலத்தில், “நடப்பாளா?” என்று கேட்டால், “முயற்சி செய்வோம்” என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். அந்தப் பதிலை அவர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று, இன்னும் கொஞ்சம் அதிகமாகச் செய்தால் நடப்பாள் என்று பொருள்கொண்டு, நோட்டில் குறி போடாத ஒவ்வொரு நாளையும் தங்கள் குற்றமாக எண்ணிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. இப்போது, அவளாகவே நடப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்பதையும், அவள் உடம்பிலும் அன்றாடத்திலும் மாற்றக்கூடியவை நிறைய உள்ளன என்பதையும் ஒரே அமர்வில், அவசரப்படாமல், கேள்விகளுக்கு நேரம் விட்டுச் சொல்கிறேன். ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கக் கூடாது.

நோட்டின் 17-ல் ஒன்பது, கைகால்களைப் பிடித்து நீட்டும் பயிற்சிகள். கணுக்கால், முழங்கால், தொடையின் உள்பக்கம், முழங்கை, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றையும் அரை நிமிடம் பிடித்து, பத்து முறை செய்ய வேண்டும். என் மாணவப் பருவத்தில் எனக்கும் இதைத்தான் கற்பித்தார்கள். ஆனால் நரம்பியல் பாதிப்பு உள்ளவர்களுக்குத் தசையை நீட்டும் சிகிச்சை மூட்டின் வளைவை எவ்வளவு மாற்றுகிறது என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பாய்வு (2010-ல் வந்தது, 2017-ல் புதுப்பிக்கப்பட்டது), பொருட்படுத்தத்தக்க மாற்றம் ஏதும் இல்லை என்றே முடிவு சொன்னது. எலும்பு வளரும் வேகத்துக்கு ஈடுகொடுத்து இறுகிய தசை வளர்வதில்லை. நாள் முழுவதும் ஒரே வளைவில் இருக்கும் காலை அரை நிமிடம் நீட்டிவிட்டு மறுபடி அதே வளைவில் விட்டால், தசைக்கு அந்த அரை நிமிடம் கணக்கிலேயே வராது. நீளம் வேண்டுமென்றால் நெடுநேரம் நீண்ட நிலையில் இருக்க வேண்டும். அதற்குத்தான் மூட்டை நீட்டிய நிலையில் பிடித்துவைக்கும் ஸ்பிளின்ட், வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கோணத்தை மாற்றிப் போடும் மாவுக்கட்டு, குழந்தையைப் பட்டைகளால் தாங்கி நிறுத்தும் ‘நிற்கும் சட்டம்’ எல்லாம் இருக்கின்றன. பொட்டுலினம் ஊசி போட்டால் இறுக்கம் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குத் தளர்ந்திருக்கும். அந்த இடைவெளியில் என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல் ஊசி போடுவதில் பயன் குறைவு.

இன்னொரு காரணமும் உண்டு. காலில் எடை தாங்காத குழந்தையின் எலும்பு வலுக்குறைவானது. சில வலிப்பு மருந்துகள் அதை மேலும் மெலிய வைக்கின்றன. தொடை எலும்பு, முழங்காலுக்குச் சற்று மேலே, சாதாரணமாக உடை மாற்றும்போதோ வலிந்து காலை நீட்டும்போதோ முறிந்துவிடக்கூடும். பேசத் தெரியாத குழந்தை ஏன் அழுகிறது என்று தெரியாமல் சில நாள் கழித்தே அந்த முறிவு கண்டுபிடிக்கப்படுவதும் உண்டு. “அழுதாலும் விடாதீர்கள், கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்” என்று யாரோ அந்த நோட்டில் எழுதியிருந்தார்கள். நான் முதலில் அடித்தது அந்த வரியைத்தான்.

என் தலைமுறைச் சிகிச்சையாளர்களுக்குக் கையை எடுப்பதே பெரிய பாடமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். லண்டனில் பெர்ட்டா போபாத்தும் அவர் கணவர் காரெல் போபாத்தும் 1940-களில் உருவாக்கத் தொடங்கிய முறை, குழந்தையின் உடம்பில் குறிப்பிட்ட இடங்களில் கைவைத்து, தவறான அசைவைத் தடுத்து, சரியான அசைவை வரவழைப்பதை அடிப்படையாகக் கொண்டது. செக் நாட்டு நரம்பியல் மருத்துவர் வாட்ஸ்லாவ் வொய்டாவும் உடம்பின் சில புள்ளிகளை அழுத்தி அசைவைத் தூண்டும் முறையை வகுத்தார். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை ஓரமாகப் படுக்க வைத்துவிட்ட காலத்தில், அவளால் கற்றுக்கொள்ள முடியும் என்று நம்பிய அவர்களுக்கு இந்தத் துறை கடன்பட்டிருக்கிறது. நானும் அந்தக் கைத்திறனில் பெருமை கொண்டவள்தான். என் கை இருக்கும்வரை நிமிர்ந்து உட்காரும் குழந்தை, கையை எடுத்ததும் சரிந்துவிடுவதைப் பல ஆண்டுகள் பார்த்தும், அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை. அசைந்தது என் கை. கற்றுக்கொண்டதும் அதிகம் நானாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இயோனா நோவாக்கும் அவருடைய குழுவினரும் 2013-ல், மூளை முடக்குவாதத்துக்கான சிகிச்சைகளை எல்லாம் சான்றுகளின் வலிமைப்படி போக்குவரத்து விளக்கின் நிறங்களில் வகைப்படுத்தியபோது, என்னைப் போன்ற பலர் கொஞ்சம் கோபப்பட்டோம். குழந்தை தானே முனைந்து, தனக்கு வேண்டிய ஒரு செயலை, அது நடக்க வேண்டிய இடத்திலேயே, பலமுறை திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சிகள் பச்சை நிறத்தில் இருந்தன. ஒருபக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தையின் நல்ல கையைக் குறிப்பிட்ட நேரம் உறையிட்டுக் கட்டி, பலவீனமான கையைப் பயன்படுத்தத் தூண்டும் முறை, இரு கைகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் பயிற்சி, பெற்றோரோடு சேர்ந்து வகுக்கும் வீட்டுத் திட்டம் ஆகியவையும் அப்படியே. சிகிச்சையாளர் செய்ய, குழந்தை சும்மா இருக்கும் முறைகள் பச்சையில் இல்லை. அந்தக் கோபம் தணிய எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது.

ஐந்தாம் நிலையில் இருக்கும் குழந்தைக்கு ‘தானே முனைந்து செய்வது’ எதுவாக இருக்க முடியும் என்ற கேள்வி நியாயமானது. இந்தச் சிறுமியை அரை மணி நேரம் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அண்ணன் பேசினால், சற்றுத் தாமதமாக, தலையை வலப்பக்கம் திருப்பினாள். அந்தத் தாமதத்தைப் பொறுக்காமல் நாம் வேறொன்றைத் தொடங்கிவிடுவதால்தான் அவளால் ஒன்றும் முடியாது என்று தோன்றுகிறது. நாற்காலியின் தலைதாங்கியில் ஒரு பெரிய பொத்தானைப் பொருத்தி, அதைத் தலையால் தொட்டால் பாட்டு ஒலிக்கும்படி செய்தோம். எப்போதும் வலப்பக்கமே திரும்பினால் உடம்பு ஒருபக்கமாகக் கோணிவிடும் என்பதால், சில வாரங்களில் பொத்தானைச் சிறிது சிறிதாக நடுவுக்கு நகர்த்த வேண்டியிருந்தது. முதல் மூன்று வாரம் அவள் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. நோட்டில் இருந்த ‘தலை நிற்கும் பயிற்சி, 10 முறை’ என்பதற்குப் பதிலாக இது வந்தது. ஒரு நாளில் அவள் பத்து முறையைவிடப் பல மடங்கு அதிகமாகத் தலையைத் திருப்பினாள், யாரும் எண்ணவில்லை.

நோட்டில் இல்லாத ஒன்று என்னை அதிகம் கவலைப்படுத்தியது. இடுப்பு மூட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டு வயதுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுக்கப்படவும் இல்லை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு மேல், தொடை எலும்பின் பந்து இடுப்புக் கிண்ணத்திலிருந்து மெல்ல வெளியே நகர்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து 2006-ல் வெளியான ஆய்வில் முதல் நிலையில் இது ஒருவருக்கும் இல்லை; ஐந்தாம் நிலையில் 90 சதவீதம் பேருக்கு இருந்தது. தொடக்கத்தில் வலி இராது. வெளியிலிருந்து பார்த்தாலும் தெரியாது. படம் எடுத்து, பந்தின் எவ்வளவு பங்கு கிண்ணத்துக்கு வெளியே இருக்கிறது என்று அளந்தால்தான் தெரியும். 30 சதவீதத்தைத் தாண்டினால் எலும்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தென் ஸ்வீடனில் 1994-ல் எல்லாக் குழந்தைகளையும் ஒழுங்காகக் கண்காணிக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முன் பத்தில் ஏறத்தாழ ஒருவருக்கு முழுமையாக விலகிய இடுப்பு, பின்னர் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகிவிட்டது. கவனித்தல், காலத்தில் அனுப்புதல் என்ற இரண்டைத் தவிர அதில் வியப்பான கருவி ஏதும் இல்லை.

இவளுக்கு இடப்பக்கம் 30-ஐத் தாண்டியிருந்தது. இரவில் அவள் அழுவதை எல்லோரும் பழக்கம் என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள். முகம், கால்கள், உடலசைவு, அழுகை, தேற்றினால் அடங்குவது ஆகிய ஐந்தையும் கொண்டு, பேசாத குழந்தையின் வலியை அளக்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் உரிய தனி அடையாளங்களையும் அதில் பெற்றோரே சேர்த்து எழுதலாம். “வலிக்கும்போது சத்தமே போடமாட்டாள், மூச்சைப் பிடித்துக்கொள்வாள்” என்று தாய் சொன்னது எந்தக் கோப்பிலும் இல்லாத தகவல். தொடையின் உள்பக்கத் தசையை நீட்டும்போது அவள் மூச்சைப் பிடித்ததை அன்று இருவரும் சேர்ந்து பார்த்தோம்.

மூச்சைப் பற்றித்தான் நீளமாகப் பேச வேண்டும், ஏனெனில் இக்குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது. உமிழ்நீர், உணவு, இரைப்பையிலிருந்து மேலேறி வருபவை எல்லாம் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகின்றன. நமக்குப் புரையேறினால் உடனே இருமுகிறோம். இவர்களில் பலருக்கு இருமலே வராது, ஆகையால் புரையேறியதே தெரியாது. திரும்பத் திரும்ப வரும் காய்ச்சலுக்கு அதுதான் காரணமாக இருக்கும். நோட்டில் குறி இல்லாத நாள்களின் பக்கத்தில் இருந்த ‘காய்ச்சல்’ என்ற சொல்லை எண்ணிப் பார்த்தால், ஆறு மாதத்தில் ஐந்து முறை. சளி எடுப்பதற்கு அந்தத் தாய்க்குச் சொல்லித்தரப்பட்டிருந்தது, தலையைத் தாழ்த்திப் படுக்க வைத்து முதுகில் தட்டுவது மட்டுமே. இரைப்பையிலிருந்து மேலேறும் தொல்லை உள்ள குழந்தையைத் தலைகீழாகச் சாய்ப்பது புரையேறுதலை மேலும் வரவழைக்கும். பக்கவாட்டில் படுக்க வைப்பது, நுரையீரலில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை நிரப்பி விரியவைப்பது, காற்றை உள்ளே செலுத்தி உடனே வெளியே இழுத்து இருமலைப் போலச் செயல்படும் இருமல் உதவிக் கருவி, அதன் பிறகு தேவையானால் மட்டும் உறிஞ்சு குழாய் என்று வரிசையை மாற்றினோம். எப்போது சளி எடுக்க வேண்டும் என்பதை நெஞ்சில் கைவைத்து அதிர்வை உணர்ந்து தீர்மானிக்கக் கற்றுத்தந்தபோது, அவர் என்னைவிட விரைவாக அதைக் கண்டுகொண்டார். உட்காரும் நிலையும் இதோடு சேர்ந்ததுதான். இடுப்பு பின்னோக்கிச் சரிந்து, முதுகு வளைந்து, தாடை மேல்நோக்கித் தூக்கியபடி உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு விழுங்குவதும் கடினம், மூச்சு விடுவதும் கடினம். நாற்காலியில் இடுப்புப் பட்டையைச் சரியான கோணத்தில் மாட்டியது, அவளுடைய நெஞ்சுக்கு நான் செய்த முதல் நன்மை.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நோட்டின் சில பயிற்சிகள் வேறு யாருக்கோ அச்சிட்ட தாளிலிருந்து எடுத்தவை போல் தெரிந்தன. ஒரு குழந்தைக்கு நன்மையான பயிற்சி வேறொரு குழந்தைக்குத் தீங்காகும். டுஷென் தசைச்சிதைவு உள்ள சிறுவனுக்குத் தசைநார்களைத் தாங்கும் புரதம் இல்லாததால், படியிறங்குவது போன்ற, தசை நீண்டுகொண்டே விசை கொடுக்கும் வேலைகளும் எடை தூக்கிச் செய்யும் கடும் பயிற்சிகளும் தசையைக் கிழிக்கும். நீந்துவது அவனுக்கு ஏற்றது. எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவி நோயுள்ள கைக்குழந்தைக்கு உள்ளாடை மாற்றக் கணுக்காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பின்புறத்தின் கீழே உள்ளங்கையைக் கொடுத்து ஏந்த வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே தளர்ச்சி இருக்கும் என்பதால், குட்டிக்கரணத்துக்கு முன்பு அதை எண்ணிப் பார்க்க வேண்டும். முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்தவர்களில் பலருக்குக் கால் தோலில் உணர்ச்சி இராது. ஸ்பிளின்ட் உரசிப் புண்ணானாலும் தெரியாது. அவர்களில் பலருக்கு ரப்பர் பால் ஒவ்வாமையும் உண்டு. மூச்சுப் பயிற்சிக்கு ஊதக் கொடுக்கும் பலூனும் நாம் இழுத்துப் பழகக் கொடுக்கும் ரப்பர் பட்டையும் அவர்களுக்கு ஆபத்து. முதுகுத்தண்டுத் தசைநலிவு நோயின் (எஸ்.எம்.ஏ.) கதையோ முற்றிலும் மாறிவிட்டது. அமெரிக்காவில் 2016 டிசம்பரில் முதல் மருந்தும், 2019-ல் மரபணுச் சிகிச்சையும், 2020-ல் வாய்வழி மருந்தும் ஒப்புதல் பெற்ற பின், உட்காரவே மாட்டார்கள் என்று நான் படித்த, கடுமையான முதல் வகைக் குழந்தைகளில் சிலர் உட்கார்ந்து விளையாடுகிறார்கள். அவர்களுக்கு எதைக் கற்பிப்பது என்பதைப் பழைய பாடநூல்களிலிருந்து எடுக்க முடியாது.

சிறுமியிடம் திரும்புகிறேன். நாளின் 24 மணி நேரத்தையும் ஒரு தாளில் கட்டமிட்டு, எந்த நேரத்தில் அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று தாயும் தந்தையும் நிரப்பினார்கள். இரவில் பத்து மணி நேரம், இரு முழங்கால்களும் வலப்பக்கம் சாய்ந்தபடி மல்லாந்து கிடக்கிறாள் என்பது தெரிந்தது. எந்தப் பயிற்சியாலும் அந்தப் பத்து மணி நேரத்தை ஈடுகட்ட முடியாது. தூங்கும்போது இரு பக்கமும் தாங்கு மெத்தை வைத்தோம். அதற்கு முன்பு மூச்சும் வலிப்பும் பாதிக்கப்படவில்லை என்று சில இரவுகள் கவனித்துக்கொண்டோம். நிற்கும் சட்டத்தில் கால்களை இரு பக்கமும் சேர்த்து 30 முதல் 60 டிகிரி வரை அகற்றி, வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் நிற்கவைப்பது இடுப்புக்கு நல்லது என்று சான்றுகள் சொல்கின்றன. இவளால் முதலில் எட்டு நிமிடம்தான் முடிந்தது. அண்ணன் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில், அவன் பக்கத்திலேயே நிறுத்தியபோது நேரம் தானாகக் கூடியது.

இலக்குகளைப் பெற்றோரே சொல்ல வேண்டும் என்று கேட்டேன். 1968-ல் கிரெசுக், ஷெர்மன் என்ற இருவர் வகுத்த ஐந்து படி அளவுகோலில், எதிர்பார்ப்புக்கு இரண்டு படி கீழிருந்து இரண்டு படி மேல் வரை ஒவ்வொரு இலக்கையும் எழுதிவைப்பது என் வழக்கம். தாய் சொன்னது, இரவில் நான்கு மணி நேரமாவது விடாமல் தூங்க வேண்டும் என்பது. அவள் தூங்குவதா, தாம் தூங்குவதா என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குளியலறைக்குத் தூக்கிச் செல்லும்போது முதுகு பிடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்றார் தந்தை. தங்கை தன்னோடு விளையாட வேண்டும் என்றான் அண்ணன். முழங்காலின் வளைவு இத்தனை டிகிரி குறைய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நோட்டில் கடைசியாக நின்றவை நான்கு: தலைப் பொத்தான், நிற்கும் சட்டம், காலையும் மாலையும் நெஞ்சுச் சிகிச்சை, இரவுப் படுக்கை. நீட்டும் பயிற்சிகளில், உடை மாற்றும்போது மெதுவாகக் காலை அசைப்பது மட்டும் எழுதாமலே தொடர்ந்தது. குறி போடும் கட்டங்களை நான் வரையவில்லை. எலும்பு மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு ஆறு மாதத்தில் மறுபடி எடுக்கச் சொன்னார். அறுவை சிகிச்சை வேண்டியிருக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை.

சென்ற மாதம் வந்தபோது நிற்கும் சட்டம் அவளுக்குச் சிறியதாகிவிட்டிருந்தது. முழங்கால் தாங்கி முழங்காலுக்குக் கீழே முட்டியது, மார்புப் பட்டை வயிற்றில் கிடந்தது. நான்கு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள். அன்று ஒதுக்கிய ஒரு மணி நேரமும், தந்தை ஒருபக்கமும் நானும் மறுபக்கமுமாகத் தரையில் உட்கார்ந்து, திருகுகளைக் கழற்றி மாட்டுவதிலேயே போயிற்று.